கடைசி பெஞ்சு

திருப்பூரில் பனியன் வாங்கச் செல்கிறவரைக் கடைக்காரர் முதலில் கேட்கும் கேள்வி, "என்ன அளவு?" என்பதுதான். 80, 85, 90, 95 என்று சென்டிமீட்டர்க் கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறார். 85-ஆம் அளவு ஒருவருக்குப் பற்றவில்லை என்று வைத்துக்கொள்வோம். "ஐயா, பனியனில் பிசகில்லை, உமது மார்பில்தான் பிசகு. அதைச் சற்றுச் சுருக்கிக்கொண்டு வாரும்" என்று எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. சொன்னால் அவருடைய வியாபாரம் அன்றோடு முடிந்தது.

இந்த எளிய நியாயம் பள்ளிக்கூடத்தின் வாசலுக்குள் நுழைந்ததும் என்னவோ தலைகீழாகிவிடுகிறது. அங்கே பாடம் ஒரே அளவில் வெட்டித் தைக்கப்பட்டிருக்கிறது. அது பற்றாத குழந்தையைப் பார்த்து, "குற்றம் உன்னிடந்தான்" என்று சொல்லிவிடுகிறோம். வாயினால் சொல்வதில்லை, கடைசி பெஞ்சைக் காட்டிச் சொல்லிவிடுகிறோம்.

காங்கேயம் சாலையில் உள்ள நல்லூர், 2011 வரையில் தனி நகராட்சியாக இருந்து, பிறகு திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட ஊர். காலை வேளையில் அதன் தெருக்களில் இரண்டு கூட்டங்களைக் காணலாம். சாப்பாட்டுத் தூக்குடன் பனியன் கம்பெனிக்கு விரையும் தாய் தந்தையர் ஒரு கூட்டம்; முதுகில் பையுடன் பள்ளிக்குச் செல்லும் அவர்கள் குழந்தைகள் மற்றொரு கூட்டம். எந்த ஊரானாலும் சரி, இந்த இரண்டாவது கூட்டத்தைச் சற்று நின்று கவனித்தால், எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரி நடப்பதில்லை, ஒரே மாதிரி பார்ப்பதில்லை, ஒரே மாதிரி பேசுவதில்லை என்பது தெரியவரும்.

அந்தக் குழந்தைகளைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உத்தேசம். பார்வை மங்கிய குழந்தை, காது கேளாத குழந்தை, கை கால் சொன்னபடி கேளாத குழந்தை, எழுத்தைக் கண்டால் மிரளும் குழந்தை, பிறர் முகம் பாராமல் தன் உலகத்திலேயே இருக்கும் குழந்தை, அறிவு வளர்ச்சி மெதுவாக வரும் குழந்தை - இவர்களை மற்றக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிக்க முடியுமா? முடியும் என்பதற்குச் சட்டம் இருக்கிறது, சரித்திரம் இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது. அப்படியிருந்தும் அது தவறிப் போவது எங்கே என்பதுதான் நாம் யோசிக்கவேண்டிய விஷயம்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். அது சொல்வது இன்னதென்றே பல பெற்றோருக்குத் தெரியாது. 1995-ஆம் வருஷத்துச் சட்டம் 7 விதக் குறைபாடுகளையே கணக்கில் எடுத்துக்கொண்டது. 2016-இல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை 21 ஆக விரித்தது. ஆட்டிசமும், டிஸ்லெக்சியா முதலிய கற்றல் குறைபாடுகளும் பட்டியலில் இடம் பெற்றது அப்போதுதான். குறைபாடு நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாது என்று சான்றிதழ் பெற்ற குழந்தை, 6 வயது முதல் 18 வயது வரையில், வீட்டருகே உள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கல்வி பெறும் உரிமை உடையது. சர்க்கார் பணம் பெறும் பள்ளிகள் மாத்திரமல்ல. சர்க்காரின் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் குறைபாட்டைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்தலாகாது.

இன்னும் ஒன்று. 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி, சர்க்கார் உதவி பெறாத தனியார் பள்ளிகளும், சிறுபான்மையோர் பள்ளிகள் நீங்கலாக, நுழைவு வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கவேண்டும். 2012-இல் செய்த திருத்தத்தினால் குறைபாடுள்ள குழந்தைகளும் அந்தப் பிரிவில் சேர்ந்துவிட்டனர். ஆகவே, "உங்கள் பையனை இங்கே சேர்த்துக்கொள்வதற்கில்லை" என்று ஒரு தலைமை ஆசிரியர் சொன்னால், அவர் தம்முடைய அபிப்பிராயத்தைத்தான் சொல்கிறாரேயொழியச் சட்டத்தைச் சொல்லவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

நல்லது, கதவு திறந்தாயிற்று. ஆனால் கதவு திறப்பது வேறு, வகுப்பில் இடம் கிடைப்பது வேறு. வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறுகிறது. சீருடையும் புத்தகமும் வருகின்றன. மத்தியானச் சாப்பாடும் கிடைக்கிறது. பாடம் நடக்கும்போது மட்டும் குழந்தை கடைசி பெஞ்சில், சுவரோரமாக, ஏதோ ஒரு படத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலும் அதே வர்ணம். ஐந்தாம் வகுப்பிலும் அதே வர்ணம். யாரும் அதை வைவதில்லை, அடிப்பதில்லை, அதனிடம் ஒரு கேள்வி கேட்பதுமில்லை. "பாவம், அதை ஏன் தொந்தரவு செய்யவேண்டும்?" என்கிறார்கள். கேள்வி கேளாமல் விட்டுவிடும் இந்த இரக்கம் பிரம்படியைக் காட்டிலும் கொடியது. பிரம்படி பட்ட பையனாவது தன்னிடமிருந்து உபாத்தியாயர் ஏதோ எதிர்பார்க்கிறார் என்று தெரிந்துகொள்வான். இந்தக் குழந்தையிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

அதனால்தான், பெயரைப் பதிந்துகொள்வதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணுவதற்கில்லை. அன்றாடப் பாடத்தில் அக் குழந்தைக்கு என்ன பங்கு என்பதே கேள்வி.

*

இது மேனாட்டிலிருந்து நேற்று வந்து இறங்கிய புதுமை என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில், ஊர்ப் பள்ளிக்கூடங்கள் சில சமயங்களில் சட்டம் எதுவும் இல்லாமலே இக் காரியத்தைச் செய்திருக்கின்றன. பிரான்ஸில் கூப்வ்ரே என்னும் சிற்றூரில், சேணம் தைப்பவர் ஒருவருக்கு லூயி பிரெயில் என்ற மகன் இருந்தான். 1812-இல், மூன்று வயதில், தகப்பனாருடைய பட்டறையில் ஓர் ஊசி கண்ணில் குத்தி, சில வருஷங்களில் இரண்டு கண்களும் போய்விட்டன. ஆனாலும் அவ்வூர்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு அவன் உட்கார்ந்து கேட்டுப் படித்தான். பத்தாவது வயதில் பாரிஸ் நகரத்துப் பார்வையற்றோர் பள்ளிக்குப் போனான். பதினைந்து வயதில், ஆறு புள்ளிகளைக் கொண்டு விரலால் படிக்கும் எழுத்தை உருவாக்கிவிட்டான். இன்று உலகமெங்கும் பார்வையற்றோர் படிப்பது அந்த எழுத்தைத்தான். 1951-இல் பாரத மொழிகளுக்கெல்லாம் பொதுவான பிரெயில் முறை ஏற்பட்டு, தமிழும் அதில் அமைந்தது. கூப்வ்ரேயின் உபாத்தியாயர், "இவனுக்கு இங்கே என்ன வேலை?" என்று முதல் நாளே திருப்பி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

நம் நாட்டில் இக் குழந்தைகளுக்கென்று முதலில் எழுந்தவை தனிப் பள்ளிகள்தாம். தமிழ்நாட்டில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்து வருஷங்களில், பாளையங்கோட்டையில் ஆன் ஜேன் ஆஸ்க்வித் என்ற மாது பார்வையற்றோருக்கும், பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற மாது காது கேளாதோருக்கும் கற்பிக்கத் தொடங்கினார்கள். வேறு யாரும் திரும்பிப் பாராத காலத்தில் அவர்கள் செய்த தொண்டு சாமான்யமானதன்று. ஆனால் தனிப் பள்ளிகள் எத்தனைதான் ஏற்பட்டாலும், எல்லாக் குழந்தைகளுக்கும் அவை போதா என்பது சீக்கிரத்திலேயே தெரிந்துவிட்டது. 1944-இல் வெளியான சார்ஜெண்ட் அறிக்கை, குறைபாடுள்ள குழந்தைகளின் கல்வி தேசக் கல்வியின் ஓர் அங்கமாக இருக்கவேண்டும், மிகவும் அவசியமானால் தவிர அவர்களைத் தனிப் பள்ளிக்கு அனுப்பலாகாது என்று கூறியது. சுதந்திரத்துக்குப் பின் 1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரி கமிஷனும் அதே வழியைத்தான் காட்டிற்று. 1974-இல் மத்திய சர்க்கார் இதற்கென்றே ஒரு திட்டம் வகுத்தார்கள். 1994-இல் ஸ்பெயின் தேசத்துச் சலமான்கா நகரில் கூடிய 92 சர்க்கார்களின் பிரதிநிதிகள், சாதாரணப் பள்ளிகள் எல்லாக் குழந்தைகளையும் ஏற்கவேண்டும் என்று பிரகடனம் செய்தார்கள்.

எல்லாரையும்விடத் துணிச்சலான காரியத்தைச் செய்தது இத்தாலி. 1977-இல் இயற்றிய சட்டத்தின் மூலம், தனி வகுப்புகளை எடுத்துவிட்டுக் குறைபாடுள்ள குழந்தைகளைப் பொது வகுப்புகளிலேயே சேர்த்தார்கள். அத்துடன் இரண்டு காரியங்களும் செய்தார்கள். அத்தகைய வகுப்பில் இருபது குழந்தைகளுக்கு மேல் இருக்கலாகாது என்று வரம்பு கட்டினார்கள். வகுப்பு உபாத்தியாயருக்குத் துணையாகப் பயிற்சி பெற்ற மற்றோர் உபாத்தியாயரையும் நியமித்தார்கள். குழந்தையை உள்ளே விடுவதோடு நில்லாமல் வகுப்பையும் மாற்றவேண்டும் என்பதை அவர்கள் அப்போதே உணர்ந்திருந்தார்கள்.

*

வகுப்பை மாற்றுவது என்றால் கட்டடத்தை இடித்துக் கட்டவேண்டுமோ என்று அஞ்சவேண்டாம். அநேக மாறுதல்களுக்குக் காலணாச் செலவில்லை. சிலவற்றைச் சொல்கிறேன்.

காது சரியாகக் கேளாத குழந்தை, உபாத்தியாயரின் உதடுகளைப் பார்த்துப் பாதிப் பாடத்தை அறிந்துகொள்ளும். உபாத்தியாயரோ கரும்பலகையின் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசுகிறார். முதுகுக்கு உதடு உண்டா? எழுதும்போது எழுதி, திரும்பி நின்று பேசினால் போதும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் நிழலாகிவிடும். ஆகையால் வெளிச்சம் முகத்தில் விழும் இடத்தில் நிற்கவேண்டும். பின் வரிசைப் பையன் ஒரு கேள்வி கேட்டால், அதை ஒரு தரம் திரும்பச் சொல்லிவிட்டுப் பதில் கூறவேண்டும். காதுக்கருவி மாட்டியிருந்தால் எல்லாம் கேட்கும் என்று எண்ணுவதும் தவறு. அக் கருவி, பாடத்தைப் பெரிதாக்குவது போலவே மின்விசிறியின் இரைச்சலையும் பெஞ்சு இழுக்கும் சத்தத்தையும் பெரிதாக்கிவிடும்.

பார்வை மங்கிய குழந்தைக்கு, பலகையில் எழுதுவதை வாயாலும் சொல்லவேண்டும். "இதையும் இதையும் கூட்டினால் இது வரும்" என்று கையால் காட்டினால் அக் குழந்தைக்கு ஒன்றும் வராது. "பதினெட்டையும் ஏழையும் கூட்டினால் இருபத்தைந்து" என்று சொன்னால் எல்லாம் வந்துவிடும். இவ்வாறு சொல்வதனால் கண் நன்றாகத் தெரிகிற குழந்தைகளுக்கும் அனுகூலமேயன்றி நஷ்டம் கிடையாது.

எழுத்தைக் கண்டு மிரளும் குழந்தையின் கஷ்டம் வெளியே தெரியாதது. நன்றாகப் பேசும், கதை சொல்லும், கணக்கைக்கூட மனத்தில் போடும். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் திணறும். "சோம்பேறி" என்ற பட்டம் இதற்குத்தான் சீக்கிரம் கிடைக்கும். நமது தமிழ் எழுத்தை ஒரு கணம் இக் குழந்தையின் கண்ணோடு பாருங்கள். "கெ" என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. ஒலிக்கும்போது அதன் ஓசை பின்னால் வருகிறது. "கொ" என்றால் ஒரு பக்கம் கொம்பு, மறு பக்கம் கால். நடுவில் மெய் அகப்பட்டுக்கொண்டு நிற்கிறது. ல, ள, ழ என்று மூன்று. ந, ன, ண என்று மூன்று. ர, ற என்று இரண்டு. மற்றக் குழந்தை ஒரு மாதத்தில் தாண்டிவிடும் இந்த வேலியை, டிஸ்லெக்சியா உள்ள குழந்தை பல வருஷங்கள் முட்டி மோதித்தான் தாண்டும். ஆகவே, எழுத்தைப் பையப் பையப் பயிற்றுவதோடு, பாடத்தை வாயாலும் கேட்டு மதிப்பெண் போடவேண்டும். சென்னையில் 1991-இல் ஏற்பட்ட டிஸ்லெக்சியா சங்கம் இவ்விஷயத்தில் உபாத்தியாயர்களுக்கும் பெற்றோருக்கும் வழி காட்டி வருகிறது.

தமிழ்நாட்டுப் பொதுப் பரீட்சைகளில், தக்க சான்றிதழ் பெற்ற இத்தகைய மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் அதிகமாகவும், சொல்வதை எழுத ஓர் ஆளும், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கும் அளிக்கிறார்கள். "இது சலுகை அல்லவா?" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். 1978-இல் தமிழ்நாட்டு சர்க்கார் ணா, றா, னா, லை முதலிய எழுத்துக்களின் வடிவத்தையே மாற்றினார்கள். கற்பதும் அச்சிடுவதும் எளிதாகவேண்டும் என்பதுதான் நோக்கம். ஊர் முழுவதின் சௌகரியத்துக்காக எழுத்தையே மாற்றிக்கொண்ட நாம், ஒரு குழந்தைக்காகப் பரீட்சை மணியைச் சற்று நிறுத்தி வைத்தால் என்ன மோசம்?

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு எதிர்பாராத மாறுதலே பெரிய பயம். இன்று முதல் மணியில் என்ன, அடுத்து என்ன என்று நாலு படங்களை வரிசையாகச் சுவரில் ஒட்டி வைத்தால், அந்தப் பயம் பாதி குறையும். பள்ளி மணி அடிக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் இன்னும் கொஞ்சம் குறையும். கால் நடக்க இயலாத குழந்தைக்குச் சாய்தளம் வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. பல பள்ளிகளில் சாய்தளம் என்ற பெயரில் சிமெண்டுச் சறுக்கு மரம் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் தள்ளுநாற்காலி ஏறுமுன் தள்ளுகிறவர் கீழே வந்துவிடுவார்! கழிவறைக் கதவு, தள்ளுநாற்காலி நுழையும்படி அகலமாயிராவிட்டால், வகுப்பில் எவ்வளவு சௌகரியம் செய்தும் பயனில்லை. தாகத்தை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடியாமல் இருக்கும் குழந்தைக்குப் பாடத்தில் மனம் எப்படிச் செல்லும்?

அறிவு வளர்ச்சி மெதுவாக உள்ள குழந்தைக்கு என்ன செய்வது என்பதுதான் கடினமான கேள்வி. வேறு பாடம் கொடுத்து மூலையில் உட்கார்த்துவதைவிட, அதே பாடத்தில் வேறு படியைக் கொடுப்பது மேல். நல்லூர்க் குழந்தைகளுக்குத் தெரிந்த பனியன் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். ஒரு பெட்டிக்கு ஒரு டஜன். "1,500 பனியனுக்கு எத்தனை பெட்டி?" என்று சிலரைக் கேட்கலாம். "மூன்று பெட்டியில் எத்தனை பனியன்?" என்று சிலரைக் கேட்கலாம். இந்தக் குழந்தையிடம் ஒரு காலிப் பெட்டியைக் கொடுத்து, "பன்னிரண்டை எண்ணி அடுக்கு" என்று சொல்லலாம். மூவரும் ஒரே கணக்கைத்தான் செய்கிறார்கள். அடுக்கி முடித்ததும் மற்றப் பிள்ளைகளைக்கொண்டு எண்ணிப் பார்க்கச் செய்தால், வகுப்பு அக் குழந்தையின் வேலையைப் பயன்படுத்திக்கொண்டதாகவும் ஆகும். அடுத்த மாதம் இருபத்து நான்கு. அடுத்த வருஷம், கடையில் கொடுத்த பணத்துக்கு மீதி எவ்வளவு என்பது. ஒவ்வொரு வருஷமும் ஒரு படியாவது ஏறியதா என்று பார்க்கவேண்டும். அதைத்தான் வர்ணம் தீட்டும் படம் நமக்குச் சொல்லாது.

*

"வாஸ்தவந்தான், எழுதுகிறவருக்கு எழுதுவது சுலபம். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் இதையெல்லாம் எப்படிச் செய்வேன்?" என்று உபாத்தியாயர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மேலே சொன்னவற்றில் பாதிக்குத் தனி நேரம் வேண்டியதில்லை, பழக்கந்தான் வேண்டும். மற்றப் பாதிக்குத் துணை வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. அத்தகைய குழந்தைகள் பத்துப் பேருக்கு ஆரம்ப வகுப்புகளிலும், பதினைந்து பேருக்கு நடு வகுப்புகளிலும் ஒரு சிறப்பு ஆசிரியர் இருக்கவேண்டும் என்று 2022-இல் மத்திய சர்க்கார் விதி செய்திருக்கிறார்கள். விதி இருக்குமிடத்தில் ஆளும் இருக்கவேண்டும் என்று கேட்பது பெற்றோர்களின் கடமை. இப்போது வட்டார வள மையங்களிலிருந்து வரும் சிறப்பு ஆசிரியர், பல பள்ளிகளுக்குச் சுற்றவேண்டியிருக்கிறது. அவர் வரும் நாளில் மட்டும் குழந்தைக்குப் பாடம், மற்ற நாட்களில் இல்லை என்றால், வாரத்தில் ஒரு நாள் சாப்பிடுகிற கதைதான். ஆகவே அவர் வரும்போது, குழந்தையைத் தனியே அழைத்துச் சென்று கற்பிப்பதோடு, வகுப்பு உபாத்தியாயருக்கும் அரை மணி வழி சொல்லிவிட்டுப் போகவேண்டும். நாள்தோறும் குழந்தையின் எதிரில் நிற்பவர் வகுப்பு உபாத்தியாயரே.

இனி, மற்றக் குழந்தைகளின் பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. இந்தப் பத்திரிகையைப் படிக்கும் குடும்பங்களில் பெரும்பாலோர் இவ்வகுப்பில் சேர்ந்தவர்களே. "அந்தப் பையன் இருந்தால் எங்கள் பையனின் படிப்புக் கெடுமே" என்ற கவலை உங்களில் சிலருக்கு உண்டு. வெளியில் சொல்லாவிட்டாலும் உண்டு. பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், இத்தகைய வகுப்புகளில் மற்றப் பிள்ளைகளின் படிப்புக்குப் பொதுவாகப் பாதகம் நேர்வதில்லை என்றே கண்டிருக்கிறார்கள். திரும்பி நின்று தெளிவாகப் பேசுகிற, எழுதுவதை வாயாலும் சொல்லுகிற, ஒரு கணக்கை மூன்று விதமாக விளக்குகிற உபாத்தியாயர் உங்கள் பையனுக்கும் நல்ல உபாத்தியாயர்தானே? ஆனால் ஒன்று: துணைக்குப் போகும் வேலையை ஒரே குழந்தையின் தலையில் கட்டிவிடக் கூடாது. முறை வைத்துப் பகிர்ந்துகொண்டால் அது சிநேகம். ஒருவர்மேலேயே சுமத்தினால் அது சம்பளமில்லாத உத்தியோகம்.

குறைபாடுள்ள குழந்தையின் பெற்றோருக்கும் சொல்லவேண்டியது இருக்கிறது. "வயது வந்தால் சரியாகிவிடும்" என்ற ஆறுதல் வார்த்தையை நம்பிப் பொன்னான ஆரம்ப வருஷங்களை இழந்துவிடாதீர்கள். பேச வேண்டிய வயதில் பேசாத குழந்தைக்கு, முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கவேண்டும். 2013 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் சர்க்கார் பள்ளிகளுக்கும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறார்கள். அன்று, "விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள்" என்று குழந்தையை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. ஊரார் என்ன சொல்வார்களோ என்ற கூச்சந்தான் காரணம். ஊரார் சொல்வது ஒரு வாரம். குழந்தை வாழவேண்டியது அறுபது, எழுபது வருஷம்.

பனியன் தொழில் நடக்கும் இந்தப் பிரதேசத்துக்கென்று இரண்டு தனிச் சங்கடங்கள் இருக்கின்றன. ஒன்று, ஒடிசா, பீகார் முதலிய மாகாணங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் குழந்தைகள். தமிழ் தெரியாமல் வகுப்பில் வாய் மூடி உட்கார்ந்திருக்கும் குழந்தையை மந்த புத்தி என்று முத்திரை குத்திவிடுவது எளிது. அதன் தாய்மொழியில் யாராவது பேசிப் பார்த்தால், வீட்டில் வாய் ஓயாத குழந்தை என்பது தெரியும். இதற்கு மாறாக, உண்மையிலேயே காது கேளாத குழந்தையை, "பாஷை தெரியாததனால் பேசவில்லை" என்று விட்டுவிடுவதும் நேரலாம். இரண்டும் தவறு, இரண்டுக்கும் மருந்து, குழந்தையின் சொந்த பாஷையில் அதைச் சோதித்துப் பார்ப்பதே.

மற்றொன்று, வீடு மாற்றுவது. ஆர்டர் இருக்கும் இடத்துக்கு வேலை போகிறது. வேலை இருக்கும் இடத்துக்குக் குடும்பம் போகிறது. நல்லூரில் ஓர் உபாத்தியாயர் இரண்டு வருஷம் பழகி, இந்தக் குழந்தைக்கு இடப்பக்கக் காதுதான் கேட்கும், இவனுக்கு மணிச் சத்தம் ஆகாது, இவள் வாயால் கேட்டால் பதில் சொல்வாள் என்றெல்லாம் தெரிந்து வைத்திருப்பார். குழந்தை வேறு பள்ளிக்குப் போனால், மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி போகிறது. இவை எதுவும் போவதில்லை. புதிய உபாத்தியாயர் ஆதியிலிருந்து தொடங்குகிறார். ஒரு நாற்பது பக்க நோட்டில் இச் செய்திகளைத் தேதியிட்டு எழுதி, தாயாரின் கையில் கொடுத்து வைத்தால் என்ன? செலவு சொற்பம். இரண்டு வருஷ உழைப்பு வீணாகாது.

தனிப் பள்ளிகள் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்குச் சைகை மொழி வேண்டும். அந்த மொழியில் பேசத் தோழர்கள் வேண்டும். அது இல்லாத வகுப்பில் அக் குழந்தை நாற்பது பேர் நடுவில் தனிமைச் சிறையில் இருப்பதாகவே ஆகும். இந்தியச் சைகை மொழிக்கென்று 2015-இல் டில்லியில் ஒரு நிலையம் ஏற்பட்டிருக்கிறது. பல குறைபாடுகள் சேர்ந்த குழந்தைகளுக்கும் தனிக் கவனம் தேவை. சட்டமும் இரண்டு வழிகளையும் திறந்துதான் வைத்திருக்கிறது. பெற்றோரும் குழந்தையும் தேர்ந்தெடுத்துத் தனிப் பள்ளிக்குப் போவது ஒன்று. பொதுப் பள்ளியில் மனம் நொந்து, வேறு வழியின்றிப் போவது மற்றொன்று. முன்னது உரிமை, பின்னது விரட்டல்.

இந்த மண்ணுக்கு இது ஒன்றும் அந்நியமான சிந்தனையுமல்ல. திருப்பூரில் 1903-இல் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம், 1946 முதல் 1949 வரையில் சென்னை ராஜதானியின் கல்வி மந்திரியாக இருந்தவர். ஹரிஜனக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சரிசமமான இடம் இல்லாத 1930-இல், கோயமுத்தூரில் ஸ்ரீ ராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கி, அத்தகைய குழந்தையைச் சேர்த்துக்கொண்டே காரியத்தை ஆரம்பித்தார். அன்றும், "மற்றக் குழந்தைகளின் பெற்றோர் என்ன சொல்வார்கள்?" என்ற கேள்வி இருந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள அந்த வித்தியாலய வளாகத்தில் இன்று குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. நல்லூரிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பங்கு பெண்கள். அடுத்த கூட்டத்தில் குடிதண்ணீர், சுற்றுச்சுவர், கழிவறை முதலியவற்றைப் பேசி முடித்த பிறகு, ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: "சென்ற மாதம் தெரியாதது எது இந்த மாதம் அந்தக் குழந்தைக்குத் தெரிகிறது?" பதில் சொல்லத் தலைமை ஆசிரியர் சற்றுத் தயங்கலாம். அதனால் மனம் தளரவேண்டாம். மறு மாதமும் கேளுங்கள். மூன்றாவது மாதம் அவரே பதிலை எழுதிக்கொண்டு வருவார். அதை எழுதுவதற்காகவாவது யாரோ ஒருவர் கடைசி பெஞ்சு வரையில் நடந்து போயிருப்பார்.